"அண்ணா, இனிமே நான் எங்க உட்கார்றது?"

எங்கள் தேவாலயத்தில் திடப்படுத்தல் வகுப்பு நடத்துபவர்களில் நானும் ஒருவன். சென்ற மாதம் கடைசி வகுப்பு முடிந்தபோது, 15 வயது மாணவி ஒருத்தி பையை மாட்டிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "அண்ணா, இனிமே நான் எங்க உட்கார்றது?"

விளையாட்டாகக் கேட்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வீடு திரும்பும் ரயிலில்தான் அந்தக் கேள்வி உறைத்தது.

இதுவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் இரண்டாம் மாடிக்குப் போவாள். அங்கே ஞாயிறு பள்ளி. கீழே பெரிய மண்டபத்தில் பெரியவர்களுக்கான தமிழ் ஆராதனை. ஞாயிறு பள்ளி இந்த வயதோடு முடிந்துவிடுகிறது. இளையர் கூட்டம் சனிக்கிழமை மாலையில், ஆங்கிலத்தில் நடக்கிறது. அதே நேரத்தில் அவளுக்குத் துணைப்பாட வகுப்பு. கீழே மண்டபத்தில் அவளுக்குத் தெரிந்தவர்கள் அவளுடைய அப்பா, அம்மா மட்டுமே.

திடப்படுத்தல் என்பது, சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் "இந்த நம்பிக்கை என்னுடையது" என்று சபையார் முன்னிலையில் தாங்களே அறிக்கையிடும் சடங்கு. கத்தோலிக்கர்கள் இதற்கு நிகரானதை உறுதிப்பூசுதல் என்பார்கள். ஒரு பிள்ளை சபையின் முழு உறுப்பினராகும் நாள் அது. அந்த நாளுக்குப் பிறகு தனக்கு இடம் எங்கே என்று ஒரு பிள்ளை கேட்கிறாள் என்றால், கோளாறு பிள்ளையிடம் இல்லை.

என்னோடு திடப்படுத்தல் பெற்றவர்கள் 11 பேர். அது நடந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. இன்று ஏதாவது ஒரு தேவாலயத்திற்கு வழக்கமாகப் போகிறவர்கள், என்னையும் சேர்த்து 4 பேர். மற்ற 7 பேரில் யாரும் தேவாலயத்தோடு சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. ஒருவன் மட்டும் மனம் நொந்து போனான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எண்கள் சொல்வது என்ன?

சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான குடியிருப்பாளர்களில் 20 விழுக்காட்டினர் எந்தச் சமயத்தையும் சாராதவர்கள். 2010இல் இது 17 விழுக்காடாக இருந்தது. 15 முதல் 24 வயதுக்கு உட்பட்டோரை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தப் பிரிவில் வருகிறார்.

அதே பத்து ஆண்டுகளில் கிறிஸ்தவர்களின் விகிதம் 18.3 விழுக்காட்டிலிருந்து 18.9 விழுக்காட்டிற்குச் சற்று உயர்ந்துள்ளது. "பிறகென்ன கவலை?" என்று சபைப் பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. மொத்த எண்ணிக்கையில் புதிதாக வருபவர்களும் இருப்பார்கள், வெளியேறுபவர்கள் விட்டுச்சென்ற இடமும் இருக்கும். முன்வாசல் வழியாக எத்தனை பேர் வந்தார்கள், பின்வாசல் வழியாக எத்தனை பேர் போனார்கள் என்பதை அந்த ஓர் எண் தனித்தனியாகக் காட்டாது.

பின்வாசலைப் பற்றி அமெரிக்காவில் சில ஆய்வுகள் நடந்திருக்கின்றன. லைஃப்வே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் 2017இல், 23 முதல் 30 வயதுக்கு உட்பட்ட சுமார் 2,000 பேரிடம் கருத்துக் கேட்டது. எல்லாரும் பதின்ம வயதில் குறைந்தது ஓராண்டாவது புரொட்டஸ்டன்ட் தேவாலயத்திற்கு வழக்கமாகப் போனவர்கள். அவர்களில் 66 விழுக்காட்டினர், 18 வயதுக்கும் 22 வயதுக்கும் இடையில் குறைந்தது ஓராண்டு போகாமல் நின்றுவிட்டார்கள். கல்லூரிக்காக ஊர் மாறியது, சபையார் பிறரைக் குறைசொல்பவர்களாகவோ வெளிவேடக்காரர்களாகவோ தெரிந்தது, சபையில் யாரோடும் ஒட்டுதல் இல்லாமல் போனது ஆகியவை அவர்கள் அதிகமாகச் சொன்ன காரணங்கள்.

அந்த ஆய்வில் என்னை நிறுத்திய தகவல் வேறொன்று. நின்றுபோனவர்களில் பத்தில் ஏழு பேர், தாங்கள் அப்படித் திட்டமிடவே இல்லை என்றார்கள். அவர்கள் நம்பிக்கையை உதறித் தள்ளவில்லை. ஒரு வாரம் போகவில்லை, அடுத்த வாரமும் போகவில்லை, அப்படியே விட்டுப்போயிற்று.

அமெரிக்கா வேறு, சிங்கப்பூர் வேறு. அங்கே கல்லூரி என்றால் பலர் வீட்டைவிட்டே போகிறார்கள். இங்கே எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் நம்மிடமும் 18 வயதில் வாழ்க்கையைத் திருப்பிப்போடும் ஒன்று இருக்கிறது.

மூன்றாவது மைக்

நான் தேசிய சேவையில் சேர்ந்து புலாவ் தெக்கோங்கில் அடிப்படைப் பயிற்சியைத் தொடங்கியபோது, தேவாலயத்தை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. வார இறுதியில் வீடு திரும்பினால் துணி துவைக்க வேண்டும், அம்மா சமைத்ததைச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். ஞாயிறு மாலை முகாமுக்குத் திரும்ப வேண்டும். முதல் வாரம் தூங்கிவிட்டேன். அம்மா எழுப்பவில்லை, "பாவம், களைச்சுப்போய் வந்திருக்கான்" என்று அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. இரண்டாம் வாரம் காய்ச்சல். பிறகு காரணம் தேவைப்படவில்லை. 8 மாதங்கள் போய்விட்டன.

அந்த 8 மாதங்களில் இளையர் குழுவின் வாட்ஸ்அப்பில் எனக்கு நிறைய செய்திகள் வந்தன. முகாம், விளையாட்டு, இசை நிகழ்ச்சி என எல்லாம் எல்லாருக்கும் பொதுவான அழைப்புகள். எதற்கும் நான் பதில் போடவில்லை. பதில் போடவில்லை என்பதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு தொலைபேசி மணி அடித்தது. எங்கள் தேவாலயத்தில் ஒலியமைப்பைப் பார்த்துக்கொள்ளும் அங்கிள். நான் உயர்நிலை இரண்டில் படித்தபோதிலிருந்து அவருக்குக் கம்பிகளைச் சுற்றிவைத்து உதவியிருக்கிறேன். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை.

"தம்பி, அந்த மூணாவது மைக் ஓட மாட்டேங்குது. போன தடவ நீதானே சரிபண்ணின? என்ன பண்ணினே?"

போனில் சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை. மறுநாள் காலையில் போய்ச் சரிசெய்து கொடுத்தேன். ஆராதனை தொடங்கிவிட்டதால் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரமும் போனேன்.

அந்த மைக் உண்மையிலேயே பழுதாகியிருந்ததா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை. என்னைத் திரும்பக் கொண்டுவந்தது சிறந்த பிரசங்கமோ அருமையான இசையோ இல்லை. நான் இல்லாததால் ஏதோ ஒன்று நடக்காமல் இருந்தது. அதை என்னிடம் சொல்ல ஒருவர் இருந்தார்.

மாடியில் ஒரு தனி அறை

சிங்கப்பூரில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் கதை நீண்டது. ஓஃபிர் ரோட்டில் உள்ள லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் திறக்கப்பட்டது. மெதடிஸ்ட் திருச்சபையில் தமிழ்ச் சபைகளுக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. பிழைப்புத் தேடி வந்தவர்களுக்குத் தேவாலயம் வழிபடும் இடமாக மட்டும் இருக்கவில்லை. ஊர்க்காரரைப் பார்க்கவும், வேலைக்குச் சொல்லிவைக்கவும், பெண் எடுக்கவும், கடிதம் எழுதித்தரச் சொல்லிக் கேட்கவும் அதுதான் இடம். போகாமல் இருப்பதுதான் கடினம்.

அவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்தத் தேவைகள் எதுவும் இல்லை. மொழியும் மாறிவிட்டது. 2020 கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசும் இந்தியர்கள் ஏறத்தாழ 59 விழுக்காடு. பத்து ஆண்டுகளுக்கு முன் இது 42 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. புரொட்டஸ்டன்ட் சபைகளில் இன்றும் பரவலாக வாசிக்கப்படும் தமிழ் வேதாகமம் 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பைச் சார்ந்தது. பள்ளியில் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவருக்கும் 'இரட்சிப்பு', 'கிருபை', 'நீதிமான்' ஆகிய சொற்களை யாராவது விளக்கினால்தான் புரியும்.

எனவே பல சபைகள் இளையர்களுக்கு ஆங்கிலத்தில் தனிக் கூட்டம் தொடங்கின. நோக்கம் நல்லது. நானும் அந்தக் கூட்டத்தில்தான் வளர்ந்தேன். எங்கள் மொழியில் பாடல், எங்கள் வயது நண்பர்கள், எங்களுக்குப் பிடித்த இசை.

ஆனால் அந்த அறைக்கு ஒரு காலாவதி தேதி உண்டு. 18, 19 வயதில் அதிலிருந்து வெளியே வர வேண்டும். அப்போது கீழே இருக்கும் சபை நமக்கு அந்நியர்களின் கூட்டமாக இருக்கிறது. நாம் விட்டது இளையர் குழுவை. அதைத் தவிர வேறொரு சபையை நாம் அறியாததால், சபையையே விட்டதாக ஆகிவிடுகிறது.

அமெரிக்காவின் ஃபுல்லர் இளையர் ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து பணியாற்றிய பேராசிரியர் சாப் கிளார்க் ஒரு கணக்குச் சொல்கிறார். ஐந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் போதுமா என்று கேட்பதைத் தலைகீழாக்கி, ஒரு பிள்ளைக்கு ஐந்து பெரியவர்கள் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஐந்து பேரும் போதகர்களாகவோ ஆசிரியர்களாகவோ இருக்க வேண்டியதில்லை. பெயர் தெரிந்து, தேர்வு எப்போது என்று தெரிந்து, இல்லாதபோது தேடுகிறவர்களாக இருந்தால் போதும். எனக்கு அப்படி ஒருவர் இருந்தார். என் நண்பன் ஒருவனுக்கு அந்த ஒருவரும் இல்லை.

பதில் வேண்டாம், பொறுமை போதும்

மனம் நொந்து போனான் என்று சொன்னேனே, அவனைப் பற்றி. அவனுடைய அப்பா வீட்டுப் பாட்டி இந்து. பள்ளி முடிந்து வந்தால் அவனுக்குச் சாப்பாடு போட்டு வளர்த்தவர் அவர்தான். நாங்கள் உயர்நிலை நான்கில் இருந்தபோது பாட்டி இறந்துபோனார். அடுத்த வார வகுப்பில், "பாட்டி இப்ப எங்க இருக்காங்க?" என்று அவன் கேட்டான்.

ஆசிரியர் கெட்டவர் இல்லை. பதற்றத்தில் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பதிலைச் சொன்னார். அவன் மறுபடி கேட்டபோது, விசுவாசம் உறுதியாக இருந்தால் இப்படிக் கேள்வி வராது என்று முடித்துவிட்டார். நாங்கள் பத்துப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் அதற்குப் பிறகு சில வாரங்கள் வந்தான். பிறகு வரவில்லை.

இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்து உறவினர் இல்லாத வீடு குறைவு. தீபாவளிக்குப் பெரியப்பா வீட்டிற்கும் கிறிஸ்துமசுக்குச் சித்தி வீட்டிற்கும் போய்வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அறிவியல் பாடத்திலிருந்தும் இணையத்திலிருந்தும் வேறு கேள்விகள் வரும். சந்தேகம் வருவதால் நம்பிக்கை போய்விடுவதில்லை. சந்தேகத்தைச் சொல்ல இடமில்லாதபோதுதான் அது தனியாக வளர்ந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறது.

இப்போது நான் வகுப்பு எடுக்கும்போது, "எனக்குத் தெரியாது, நானும் இதை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதன்முறை சொன்னபோது பயமாக இருந்தது. மாணவர்கள் அதிர்ச்சி அடையவில்லை. அவர்கள் பேசத் தொடங்கினார்கள். அந்த நண்பனை இப்போதும் சந்திக்கிறேன். அவன் எந்தச் சமயத்தையும் சாராமல் நிம்மதியாக இருக்கிறான். அவனைத் திரும்ப அழைக்க நான் முயலவில்லை. அன்று தரையைப் பார்த்ததற்கு மட்டும் ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டில் எதற்கு முதலிடம்?

சபையை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. அமெரிக்கப் பதின்ம வயதினரின் சமய வாழ்வை ஆராய்ந்த சமூகவியலாளர் கிறிஸ்டியன் ஸ்மித், மெலிண்டா டென்டனுடன் சேர்ந்து 2005இல் வெளியிட்ட நூலில், பிள்ளைகளின் நம்பிக்கையை மிக அதிகமாக வடிவமைப்பவர்கள் பெற்றோரே என்று காட்டினார். வெர்ன் பெங்ட்சன் என்ற மற்றோர் ஆய்வாளர் ஒரே குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பெற்றோர் எவ்வளவு பக்தியாக இருக்கிறார்கள் என்பதோடு, பிள்ளைகளிடம் எவ்வளவு பாசத்தோடு பழகுகிறார்கள் என்பதும் முக்கியம் என்று அவர் கண்டார். குறிப்பாக அப்பாவின் நெருக்கம். பக்தி நிறைந்த, ஆனால் நெருங்க முடியாத அப்பாவிடமிருந்து நம்பிக்கை எளிதில் கைமாறுவதில்லை.

நம் வீடுகளில் இன்னொன்றையும் பார்க்கிறேன். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு வந்தால் தேவாலயத்திற்கு விடுப்பு. உயர்நிலைப்பள்ளி இறுதித் தேர்வு வந்தால் ஓராண்டு விடுப்பு. "பரீட்சை முடியட்டும், அப்புறம் போகலாம்." துணைப்பாட வகுப்பிற்கோ எந்தக் காரணத்துக்காகவும் விடுப்பு இல்லை. பெற்றோர் வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை. ஆனால் எது முக்கியம், எதை ஒத்திப்போடலாம் என்ற பட்டியலைப் பிள்ளை 12 வயதிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறது. பிறகு 18 வயதில் அது அதே பட்டியலைப் பின்பற்றினால் நமக்கு ஏன் ஆச்சரியம்?

படிப்பு முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரையையே பல்கலைக்கழகத் தேர்வுக்கு நடுவில்தான் எழுதுகிறேன். ஆராதனை முடிந்தபின் சபையின் ஓர் அறையைப் படிப்பதற்குத் திறந்துவிடலாம். கணக்குத் தெரிந்த அண்ணன் அக்காமார் உடன் உட்காரலாம். தேர்வு நெருங்கும்போது சபை விலகி நிற்காமல் பக்கத்தில் வந்தால், பிள்ளைகள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்காது.

வேலை வேறு, பொறுப்பு வேறு

ஓர் எச்சரிக்கையும் தேவை. "இளையர்களுக்கு வேலை கொடுத்தால் தங்கிவிடுவார்கள்" என்று இதைப் புரிந்துகொண்டு, எல்லாவற்றையும் நம் தலையில் கட்டும் சபைகளும் உண்டு. திரையில் பாடல் வரிகளைப் போடுவது, நேரலைக்குக் கேமரா பிடிப்பது, நாற்காலி அடுக்குவது, முகாமுக்கு மூட்டை தூக்குவது. இரண்டு ஆண்டுகளில் களைத்துப்போய் விலகியவர்களையும் எனக்குத் தெரியும்.

வேலை வாங்குவதும் பொறுப்புக் கொடுப்பதும் ஒன்றில்லை. பொறுப்பு என்றால், அதைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் நமக்கும் ஒரு நாற்காலி இருக்க வேண்டும். நாம் சொல்வது தவறாக இருந்தாலும் கேட்க வேண்டும். நாம் தவறு செய்தால் பக்கத்தில் நின்று திருத்த ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அந்த அங்கிள் என்னிடம் ஒலிப்பலகையைக் கொடுத்த முதல் ஞாயிறு, போதகரின் மைக்கை நான் திறக்கவே இல்லை. பிரசங்கத்தின் முதல் இரண்டு நிமிடங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அவர் கையை நீட்டி அதைத் திறந்துவிட்டு, மீண்டும் என்னையே உட்கார வைத்தார்.

இதைப் படிக்கும் நீங்கள் கிறிஸ்தவராக இல்லாமல் இருக்கலாம். உங்கள் கோவிலிலோ பள்ளிவாசலிலோ தமிழ் அமைப்பிலோ இதே கேள்வி வேறு வடிவில் இருக்கக்கூடும். சிறுவயதில் தேவார வகுப்புக்குப் போனவர்கள் இப்போது எங்கே? உங்களை அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரியவர்கள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால், பெரியவர்கள் வரட்டும் என்று காத்திராமல் நீங்களே ஒருவரிடம் போய்ப் பேசலாம். அவர்களுக்கும் நம்மிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் இருக்கலாம்.

அந்த மாணவிக்கு அன்று நான் பதில் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவளைக் கீழே அழைத்துப்போய், வேத பாடம் வாசிப்போர் பட்டியலைத் தயாரிக்கும் ஆன்ட்டியிடம் அறிமுகப்படுத்தினேன்.

"தமிழ் வாசிப்பியாம்மா?" என்று ஆன்ட்டி கேட்டார்.

"வாசிப்பேன் ஆன்ட்டி. ஆனா பைபிள் தமிழ் எனக்குப் பாதி புரியாது."

"எனக்கும் சில வார்த்தை புரியாது. வா, சேர்ந்தே பாப்போம்."

இரண்டு வாரம் கழித்து அவள் வாசித்தாள். இரண்டு இடங்களில் தடுமாறினாள். முடித்ததும் மூன்றாவது வரிசையில் ஆன்ட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அவள் தங்குவாளா என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு அவளுக்கு உயர்நிலைப்பள்ளி இறுதித் தேர்வு. சில வாரங்கள் வராமலும் போகலாம். ஆன்ட்டியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்: அவள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். ஏதாவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டு அழையுங்கள்.